பவளம் டீ

சின்னராசு கடையில் டீ மூன்று தினுசு: ஸ்ட்ராங், லைட், பவளம். முதல் இரண்டும் எந்த ஊர்க் கடையிலும் கிடைக்கும். மூன்றாவது, உத்திரமேரூரிலிருந்து மாகறல் பக்கம் போகிற ரோட்டில், ஏரிக்கரை வளைவில் இருக்கும் அந்த ஒரே ஒரு கடையில்தான் கிடைக்கும். சர்க்கரை போடாத டீக்கு அங்கே அதுதான் பெயர். மணல் லாரி டிரைவர்கள்கூட இரண்டு தடவை வந்துபோனால், "தலைவரே, எனக்கு ஒரு பவளம்" என்று கேட்கிற அளவுக்கு அது பரவிவிட்டது.

பவளம் என்பது ஒரு பெண்மணி. சுப்பிரமணியின் சம்சாரம். சுப்பிரமணிக்குச் சர்க்கரை என்று டாக்டர் சொன்ன மறுநாள் காலை, கொண்டையை இறுக்கி முடிந்துகொண்டு நேராக இந்தக் கடைக்கு வந்து, பாய்லருக்கு முன்னால் நின்றவள். "எங்க வூட்டுக்காரு இங்க டீ குடிக்க வருவாரு. ஒரு சிட்டிகை சர்க்கரை போட்டேன்னு என் காதுல வியுந்துதுன்னா, இந்த பாய்லரத் தூக்கினு போயி ஏரில போட்டுடுவேன், ஆமா" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனாள். அவள் செய்யக்கூடியவள்தான். சின்னராசுவுக்கு ஒவ்வொரு டீக்கும் பெயர் சொல்லிக் கூவிக் கொடுக்கிற பழக்கம். "ரெண்டு ஸ்ட்ராங், ஒரு லைட்டு, ஒரு பவளம்!" என்று அன்றைக்குக் கூவ ஆரம்பித்தவன் இன்னும் நிறுத்தவில்லை. பெண்டாட்டி பெயரை ஊரே கிளாஸில் ஊற்றிக் குடிப்பதைத் தினமும் இரண்டு வேளை கேட்டுக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருப்பது என்பது எல்லோருக்கும் வாய்க்கிற பாக்கியமில்லை.

சுப்பிரமணிக்கு அறுபத்தெட்டு வயது. ஏரிப் பாசனத்தில் சொந்தமாக நெல் வைக்கிறவர். என்ன நெல் போடுவது, எப்போது அறுப்பது, எந்த மாட்டை விற்பது, எவனை வரப்பில் ஏறவிடாமல் விரட்டுவது என்று ஆயுசு முழுக்கத் தானே முடிவெடுத்துப் பழகிய வாய் அது. அந்த வாய்க்குள் என்ன போகலாம் என்பதை மட்டும் இப்போது ஊரே கூடி முடிவெடுத்தது. வீட்டில் சோற்றை டம்ளரில் அளந்து தட்டில் கவிழ்த்தார்கள். கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தால் ஜாங்கிரித் தட்டு அவர் இலைக்கு மேலே பறந்து அடுத்த இலையில் இறங்கும். பரிமாறுகிற பையன் எந்த ஊர்க்காரனோ, அவனுக்கும் யாரோ சொல்லிவைத்திருப்பார்கள். ரோட்டில் போகிறவன் சைக்கிளை நிறுத்தி, "இன்னா மாமா, இப்ப எவ்ளோ கீது?" என்று கிரிக்கெட் ஸ்கோர் கேட்பதுபோல் கேட்பான். பதில் சொன்னால் உச்சுக்கொட்டிவிட்டுப் போவான்.

மகன் விஜய் ஒரகடத்தில் கம்பெனி வேலை. மருமகள் பூஜாவோடு அங்கேயே குடியிருக்கிறான். சாயங்காலமானால் போன் வரும். "எப்படிக் கீற நைனா?" என்று கேட்க மாட்டான். "மாத்திரை போட்டியா?" என்பதுதான் வணக்கம். சுப்பிரமணி மாத்திரையை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு போனுக்காகக் காத்திருப்பார். "போடல" என்று சொல்லுவார். அந்தப் பக்கம் பத்து நிமிஷம் கத்துவதைக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, போனை வைத்ததும் வாயில் போட்டுத் தண்ணீர் குடிப்பார்.

இன்னொரு ரகசியம் சொல்கிறேன். அவருக்கு இனிப்பு என்றாலே பெரிதாக ஆசை கிடையாது. சின்ன வயசிலிருந்தே காரக்காரர். பவளம் வெல்ல டப்பாவை பீரோவில் வைத்துப் பூட்டிய பிறகுதான், சாவியைத் தேடி எடுத்து வெல்லம் தின்ன ஆரம்பித்தார். தின்றதும் வாயெல்லாம் திகட்டும். ஆனாலும் தின்பார். வெல்லத்துக்காக அல்ல, அந்தப் பூட்டுக்காக.

இப்படி எல்லாவற்றையும் ஊர் பிடுங்கிக்கொண்ட பிறகும், ஒன்றே ஒன்று மட்டும் அவருடையதாக மிச்சமிருந்தது. திரௌபதி அம்மன் கோயில் தீமிதி. கல்யாணமான வருஷத்திலிருந்து ஒரு வருஷம் விடாமல் மிதிக்கிறவர். கனன்று கனன்று எரிந்து கங்காகிக் கிடக்கிற குண்டத்தின் முன்னால் மஞ்சள் வேட்டியோடு நின்றுவிட்டால், பவளம் இல்லை, விஜய் இல்லை, டாக்டர் இல்லை. அவரும் அம்மனும் நெருப்பும்தான். அந்த நாளுக்காகத்தான் மற்ற நாளெல்லாம் அவர் பவளம் டீயைக் குடித்துக்கொண்டிருந்தார் என்று சொன்னாலும் தப்பில்லை.

அதற்குத்தான் இந்த வருஷம் ஆபத்து வந்தது.

கொண்டுவந்தவள் பாஞ்சாலி. அம்மன் இல்லை, அவள் பெயரைத் தாங்கிய பெண்; அந்த ஊரில் தெருவுக்கு ஒரு பாஞ்சாலி உண்டு. இந்தப் பாஞ்சாலி, சர்க்கரைக்கும் பி.பி.க்கும் வீடு வீடாக வந்து மாத்திரை கொடுக்கிறவள். அன்றைக்குப் பையிலிருந்து மெல்லிசாக ஒரு நைலான் நூலை எடுத்தாள். பாதத்தில் உணர்ச்சி இருக்கிறதா என்று பார்க்க ஆஸ்பத்திரியில் கொடுத்திருக்கிறார்களாம்.

"கண்ண மூடிக்க பெரிப்பா. கால்ல நூல் படறப்பலாம் 'ஆமா'ன்னு சொல்லணும். அவ்ளோதான்" என்றாள்.

சுப்பிரமணி நாற்காலியில் சாய்ந்து காலை நீட்டிக் கண்ணை மூடினார். கொஞ்ச நேரம் போயிற்று. ஒன்றும் தெரியவில்லை. பரீட்சையில் தெரியாத கேள்விக்கு வெறும் பேப்பரா கொடுப்பார்கள்? "ஆமா" என்றார். இரண்டு மூச்சு விட்டார். "ஆமா." அப்புறம் ஒரு தாளம் அமைந்துவிட்டது. "ஆமா... ஆமா... இதோ, ஆமா."

"பெரிப்பா, நான் இன்னும் ஆரம்பிக்கவே இல்ல. நூலு சிக்கிகினு கீது, பிரிச்சிகினு கீறேன்" என்றாள் பாஞ்சாலி.

வாசற்படியில் நின்ற பவளம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சுப்பிரமணிக்கு முகம் சுண்டிவிட்டது. சரி, இந்தத் தடவை ஏமாறக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு பொறுமையாக இருந்தார். ரொம்ப நேரம் இருந்தார். கடைசியில் அவருக்கே எரிச்சல் வந்துவிட்டது.

"இன்னாம்மே, ஆரம்பிக்கறியா இல்லியா?"

"முடிச்சிட்டேன் பெரிப்பா" என்றாள்.

அவள் குரலில் சிரிப்பு இல்லை. அதனால்தான் அவர் கண்ணைத் திறந்தார். நரம்பு மரத்துப்போயிருக்கிறது, முள் குத்தினாலும் சுட்டாலும் தெரியாது, தெரியாத புண்தான் பெரிய புண்ணாகும், செருப்பில்லாமல் வெளியே போகாதே என்று பாஞ்சாலி பொறுமையாகச் சொன்னாள். சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனாள். பவளத்தின் முகத்திலிருந்து சிரிப்பு அதற்கு முன்பே போயிருந்தது. "தீமிதி கெடையாது" என்று ஒரே வார்த்தையில் தீர்ப்புச் சொல்லிவிட்டு அடுப்படிக்குள் நுழைந்தாள்.

சுப்பிரமணி என்ன செய்தார் தெரியுமா? கொடியேறிய அன்று விடிகாலையில், மாட்டுக்குத் தழை அறுக்கப் போவதாகச் சொல்லிவிட்டு நேராகக் கோயிலுக்குப் போய், பூசாரியிடம் கையை நீட்டிக் காப்புக் கட்டிக்கொண்டு வந்துவிட்டார். மணிக்கட்டில் மஞ்சள் கயிறு, நடுவில் மஞ்சள் கிழங்கு. காப்புக் கட்டியவன் நெருப்பண்டை போகாமல் இருக்க முடியாது, அம்மன் குத்தமாகிவிடும். காப்புக் கட்டியவன் செருப்பும் போடக் கூடாது. ஒரே கயிற்றில் இரண்டு தீர்ப்பையும் அடித்துவிட்ட சந்தோஷத்தில், வீட்டு வாசலில் கையை நீட்டி நின்றார்.

பவளம் கத்தவில்லை. கயிற்றைப் பார்த்தாள். "எங்க நைனாவுக்கு மொதல்ல வெரலு எடுத்தாங்க. அப்பால பாதம். அப்பால முட்டிக்காலு. நான்தான் ஆஸ்பத்திரில கூட இருந்தேன்" என்று மட்டும் சொன்னாள். இது அவருக்குத் தெரிந்த கதைதான். ஆனால் பவளம் கத்தாமல் பேசினால் அவருக்குப் பயமாக இருக்கும். தழை அறுக்க நிஜமாகவே கிளம்பிப் போய்விட்டார்.

சாயங்காலத்துக்குள் விஷயம் டீக்கடைக்கு வந்துவிட்டது. வந்தது மட்டுமில்லை, வளர்ந்தும் விட்டது. முனிரத்தினம்தான் வளர்த்தது. முனிரத்தினம் சுப்பிரமணிக்கு மாமன் மகன், ஒரே வயசு, வருஷா வருஷம் தீமிதி வரிசையில் அவருக்கு முன்னால் நிற்பதா பின்னால் நிற்பதா என்று சண்டை போடுகிறவர்.

"மச்சான், நான் ஒண்ணு கேக்கறேன், கோச்சிக்காத" என்று ஆரம்பித்தார். கோபித்துக்கொள்ள வேண்டும் என்பதற்காகவே கேட்கப்படுகிற கேள்வி அப்படித்தான் ஆரம்பிக்கும். "ஒனக்குதான் காலு மரத்துப்போச்சே. நெருப்பே சுடாத காலை வெச்சிகினு நீ மிதிச்சின்னா, அது வேண்டுதலா, இல்ல அம்மனையே ஏமாத்தறதா?"

கடை முழுக்க "அதானே" என்றது. சின்னராசு ஆற்றிக்கொண்டிருந்த டீயை நிறுத்திவிட்டு, "நல்ல கேள்வி மாமா" என்றான். லாரி டிரைவர் ஒருவர், ஊருக்கும் இந்தச் சாமிக்கும் சம்பந்தமே இல்லாதவர், அவரும் யோசித்துவிட்டு ஏமாற்றுவதுதான் என்று சொன்னார்.

சுப்பிரமணிக்கு ரத்தம் தலைக்கேறியது. பெஞ்சில் சாய்ந்து, வலது காலைத் தூக்கி இடது தொடைமேல் போட்டுக்கொண்டார். "யாருக்குய்யா மரத்துப்போச்சி? அது கெடக்குது நூலு. காலைப் பத்தி நூலுக்கு இன்னா தெரியும்? வரப்புல நடக்கற காலுய்யா இது. எறும்பு ஏறினா தெரியும் எனக்கு. இன்னிக்குக் காலைல இருந்து வெறுங்கால்லதான் கீறேன், ஏரிக்கரை முழுக்கச் சுத்திகினு வந்தேன். ஒண்ணு ரெண்டு கல்லு குத்துச்சி, தெரிஞ்சிதா இல்லியா? நல்லாத் தெரிஞ்சிது!"

பேசப் பேசக் கடை அமைதியாகிவிட்டது. தன் வார்த்தைக்கு இவ்வளவு மரியாதையா என்று சுப்பிரமணிக்கே ஆச்சரியம். இன்னும் ஓங்கிப் பேசினார். ஒருவரும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை என்பது கொஞ்சம் தாமதமாகத்தான் உறைத்தது. எல்லோரும் அவர் உள்ளங்காலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவரும் குனிந்து பார்த்தார். குதிகாலுக்குப் பக்கத்தில் வேலிகாத்தான் முள் ஒன்று, கட்டைவிரல் நீளம், ஆணி அடித்ததுபோல் இறங்கியிருந்தது. முள்ளின் அடியில் இரண்டு இலையும் ஒட்டிக்கொண்டிருந்தது, அதுவும் வாடாமல்.

சிரித்தார்களே ஒரு சிரிப்பு! ஏரியில் மேய்ந்த கொக்கெல்லாம் எழுந்து பறந்தது. முனிரத்தினம் சிரித்துச் சிரித்து இருமல் வந்து தூணைப் பிடித்துக்கொண்டார். சின்னராசுதான் முதலில் நிறுத்தினான். கிட்டே வந்து உட்கார்ந்து, முள்ளைப் பிடுங்கி, காலைத் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டான். பிடுங்கும்போதும் சுப்பிரமணிக்கு ஒன்றும் தெரியவில்லை. அதுதான் அவரை உடைத்துவிட்டது. டீயைக் குடிக்காமலே எழுந்து போனார்.

ஞாயிற்றுக்கிழமை விஜயும் பூஜாவும் ஒரகடத்திலிருந்து வந்து இறங்கினார்கள். வீட்டு முற்றத்தில் பஞ்சாயத்து. நடுவில் சுப்பிரமணி, நாற்காலியில், கட்டுப் போட்ட காலோடு.

"தீமிதி அன்னிக்கு நைனாவ எங்க வூட்டுக்கு இட்டுனு போயிடறோம்மா" என்றான் விஜய்.

"காப்புக் கட்டிகினு ஊரு எல்லை தாண்டக் கூடாதுடா" என்றாள் பவளம்.

"அப்ப அவருக்குப் பதிலா நான் மிதிக்கறேன்." இவன் காஸ் அடுப்புப் பற்றவைக்கவே நீளமான லைட்டர் தேடுகிறவன். பூஜா அவனைத் திரும்பி ஒரு பார்வை பார்த்தாள், அத்தோடு அந்த யோசனை செத்தது.

"குண்டத்துல உப்பு மிளகு போட்டுட்டா வேண்டுதல் தீந்துடும்னு எங்க ஊர்ல சொல்லுவாங்க அத்த" என்றாள் பூஜா.

"பூசாரிய வூட்டுக்கே வரச்சொல்லி காப்ப அவுத்துடலாமா?" என்றான் விஜய்.

பேச்சு அவர் தலைக்கு மேலே போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருந்தது. நடுநடுவே ஒவ்வொருவரும் குனிந்து அவர் காலைப் பார்த்துக்கொண்டார்கள். சந்தையில் மாட்டை நடுவில் நிறுத்தி, காலைப் பார்த்து, மாட்டுக்காரனும் தரகனும் பேசிக்கொள்வதைச் சுப்பிரமணி நிறையப் பார்த்திருக்கிறார். மாடு அப்போது என்ன நினைக்கும் என்பது அவருக்கு இப்போதுதான் புரிந்தது.

கட்டு மாற்ற வந்த பாஞ்சாலி இதையெல்லாம் கேட்டுக்கொண்டே வேலையை முடித்தாள். பஞ்சைச் சுருட்டிப் பையில் போட்டாள். அப்புறம் தலையைத் தூக்கி, அவர் முகத்தைப் பார்த்துக் கேட்டாள்.

"நீ இன்னா முடிவு பண்ணிக்கீற பெரிப்பா?"

சுப்பிரமணி வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை. சர்க்கரை வந்ததிலிருந்து யாராவது ஒன்று சொல்வார்கள், அதற்கு நேரெதிராக ஒன்றைச் செய்வார். அதுதான் அவர் முடிவு. வேண்டாம் என்றால் தின்றார், போடு என்றால் போடவில்லை. இவள் ஒன்றும் சொல்லாமல் கேட்கிறாளே! எதிர்த்து நிற்க ஒரு சுவரும் இல்லாமல் மனுஷன் தடுமாறிப்போனார்.

"நீ... நீ இன்னா சொல்ற?" என்று அவளையே கேட்டார்.

"நான் சொல்ல வேண்டியதச் சொல்லிட்டேன். மிதிச்சா இன்னா ஆவும்னு ஒனக்குத் தெரியும். சுட்டா ஒனக்குத் தெரியாது, ஆறவும் ஆறாது. ஆனா காலு ஒன்னுது பெரிப்பா, என்னுது இல்ல. பெரிம்மாவுதும் இல்ல" என்றாள். பவளம் முகத்தைச் சுளித்தாள்.

மறுநாள் பகலில் சுப்பிரமணி பம்பு செட்டுக்குப் போய்த் தொட்டிக்கட்டையில் உட்கார்ந்தார். கட்டின் மேலே பாலிதீன் பையைச் சுற்றி இறுக்கிக்கொண்டு, நல்ல காலைத் தண்ணீருக்குள் விட்டார். பாதம் முழுகியது, ஒன்றும் இல்லை. கணுக்கால் முழுகியது. அதற்கும் மேலே, ஆடுசதையண்டை வந்த பிறகுதான், 'சில்' என்று தண்ணீர் தெரிந்தது. அந்தக் கோட்டுக்குக் கீழே தன் கால் தன்னிடம் இல்லை என்பதை யாரும் சொல்லாமல், யாரும் சிரிக்காமல், தானே பார்த்துக்கொண்டார்.

முனிரத்தினம் கேட்டதில் நியாயம் இருந்தது. அதுதான் பெரிய பேஜார். தப்பாகக் கேட்டிருந்தால் திட்டிவிட்டுப் போயிருக்கலாம். ஒவ்வொரு வருஷமும் குண்டத்துக்கு முன்னால் நிற்கும்போது சுப்பிரமணிக்கு உள்ளுக்குள் நடுங்கும். இதை அவர் பவளத்திடம்கூடச் சொன்னதில்லை. திரும்பி ஓடிவிடலாமா என்று தோன்றும். அப்படித் தோன்றத் தோன்ற, காலைத் தூக்கி வைப்பார் பாருங்கள், அதுதான் அவர் அம்மனுக்குக் கொடுத்தது. அந்தச் சூட்டையும் அந்தப் பயத்தையும்தான் கொடுத்தார். இப்போது கொடுக்க என்ன இருக்கிறது? சுடாத நெருப்பில் எவன் வேண்டுமானாலும் நடப்பான். ஊருக்குக் காட்டுவதற்காக நடப்பதென்றால் அதற்கு அம்மன் எதற்கு, சின்னராசு கடை போதுமே. தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. சுப்பிரமணி அங்கே கொஞ்ச நேரம் அழுதார். பம்பு செட்டு சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. அழுது முடித்துத் துண்டால் முகத்தைத் துடைத்தபோது முடிவு அவரிடம் இருந்தது. யாரையும் எதிர்த்து எடுக்காத முடிவு என்பதால், அது கையில் கனமாக இருந்தது.

தீமிதி அன்றைக்குத்தான் படுகளம். காலையில் கோயில் வெளியில் மண்ணால் செய்த துரியோதனன் மல்லாந்து கிடந்தான். ஊர் அவனைச் சுற்றிக்கொண்டிருக்க, சாயங்கால நெருப்புக்குக் கட்டை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். சுப்பிரமணி குளித்துவிட்டு வந்து, "பவளம், மஞ்ச வேட்டிய எடு" என்றார்.

பவளம் அதை அரிசி டிரம்முக்குள் ஒளித்துவைத்து இரண்டு வாரமாகிறது. சண்டைக்குத் தயாராகச் சேலையை இடுப்பில் சொருகிக்கொண்டாள். "எடுக்க மாட்டேன். என்னத் தாண்டிப் போ, பாக்கலாம்."

"கரையில நிக்கறதுக்கும் மஞ்ச வேட்டி வேணும்மே. நான் நெருப்புல எறங்கல. மிதிச்சினு வர்றவங்களுக்குக் கை குடுக்கப் போறேன்."

பவளம் அவர் முகத்தை உற்றுப் பார்த்தாள். இதில் ஏதோ சூது இருக்கிறது என்று தேடினாள். கிடைக்கவில்லை. "யாரு சொன்னது? பாஞ்சாலியா? விஜயா?"

"நான்தான் சொல்றேன்."

பவளத்துக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. எல்லாம் அவள் கேட்டபடியே நடக்கிறது, ஆனாலும் ஏதோ தோற்றதுபோல் ஒரு நிமிஷம் நின்றாள். அப்புறம் டிரம்முக்குள் கையை விட்டு வேட்டியை எடுத்து உதறினாள். அரிசி தரையெல்லாம் சிதறியது. வேட்டியை அவர் கையில் கொடுக்கும்போது அவள் கண் கலங்கியிருந்தது, அதையும் மறைக்கவில்லை.

பூசாரியிடமும் அவரே போய்ச் சொன்னார். "அம்மன்கிட்ட சொல்லிட்டியா?" என்றார் பூசாரி. "சொல்லிட்டேன்." "அப்ப எங்கிட்ட எதுக்குக் கேக்கற?" "கேக்கல. சொல்றேன்" என்றார் சுப்பிரமணி. பூசாரி சிரித்துக்கொண்டே அவர் நெற்றியில் மஞ்சள் பூசினார்.

பொழுது சாயும் நேரத்துக்குக் கங்குகளை வாரிப் பரப்பினார்கள். தூரத்தில் நின்றவர்கள் முகம்கூடக் காய்ந்தது. "கோவிந்தா! கோவிந்தா!" என்று ஊரே குரல் கொடுக்க, கரகத்தோடு பூசாரி முதலில் இறங்கி ஓடினார். குண்டத்தின் அந்தக் கோடியில், பால் கலந்த தண்ணீர்க் குழியின் கரையில், சுப்பிரமணி நின்றார். செருப்பில்லாத காலில் கட்டு, அதற்குமேல் பவளம் இறுக்கிச் சுற்றிய மஞ்சள் துணி. பால் குழியில் கால் நனைத்துத் தள்ளாடி ஏறுகிறவர்களைக் கைபிடித்து இழுத்துவிட்டார். எத்தனை கை! நடுங்குகிற கை, வேர்த்த கை, காப்பு அறுந்த கை. நெருப்பைத் தாண்டி வந்தவன் கை எப்படியிருக்கும் என்பது அவருக்கு அன்றுதான் தெரிந்தது. இத்தனை வருஷமும் அவர் கைதானே இன்னொருவன் கையில் இருந்தது.

முனிரத்தினம் வந்தார். ஓடி வரவில்லை, மாப்பிள்ளைபோல் நடந்து வந்தார். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, பாலில் இறங்கி, நீட்டிய கையைப் பிடிக்காமலே மேலே ஏறினார். "பாத்தியா மச்சான்? இப்படி மிதிக்கணும்" என்று சொல்லிவிட்டு, கோயில் மதிலோரம் போட்டிருந்த பெஞ்சில் உட்கார்ந்து, வலது காலைத் தூக்கி இடது தொடைமேல் போட்டுக்கொண்டார். சுற்றி நின்றவர்களிடம் பேச ஆரம்பித்தார்.

சுப்பிரமணி அந்தக் காலைப் பார்த்தார்.

பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவில் ஒரு கரித்துண்டு, கொட்டைப்பாக்கு அளவு, சிக்கிக்கொண்டிருந்தது. பாலில் நனைந்து அவிந்துவிட்டது, ஆனால் அதைச் சுற்றித் தோல் வெள்ளையாகப் பொங்கியிருந்தது. முனிரத்தினம் கையை ஆட்டி ஆட்டிப் பேசிக்கொண்டிருந்தார். முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை.

இந்த இடத்தில் சுப்பிரமணியின் நாக்கு நுனிக்கு ஒரு வார்த்தை வந்ததா இல்லையா என்றால், வந்தது. கூவிக் கூப்பிட்டால் போதும், ஏரிக் கொக்கு இன்னொரு தடவை பறந்திருக்கும். முள் கதையை ஊர் மறந்து கரிக் கதையைப் பிடித்துக்கொண்டிருக்கும். ஆனால் அந்தப் பொங்கிய தோலைப் பார்த்ததும், எதுவும் தெரியாமல் பேசிக்கொண்டிருக்கிற அந்த முகத்தைப் பார்த்ததும், அவருக்குச் சிரிப்பு வரவில்லை. பெஞ்சில் உட்கார்ந்த தன்னையே எதிரில் பார்ப்பதுபோல் இருந்தது. தோள் துண்டை எடுத்து, சும்மா போடுகிறவர்போல் முனிரத்தினத்தின் காலை மூடினார். காதண்டை குனிந்து, "மச்சான், எறங்கி வராத. நான் பாஞ்சாலிய இட்டாறேன்" என்றார்.

"எதுக்கு?"

"நீ நூலு பரீட்சைக்கு எத்தினி நாளா ஒளிஞ்சிகினு கீற?"

முனிரத்தினத்தின் கை பாதிப் பேச்சில் நின்றது. துண்டின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தார். மறுபடியும் மூடிவிட்டார். முகத்தில் இருந்த மாப்பிள்ளை இறங்கிப் போய்விட்டான். "யாரும் பாத்தாங்களா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"நான் பாத்தேன். போதும்" என்றார் சுப்பிரமணி.

முனிரத்தினத்துக்குச் சர்க்கரை எக்கச்சக்கமாக இருந்தது. எத்தனை காலமாகவோ இருந்திருக்கிறது, பார்க்கப் பயந்துகொண்டு அவர் பார்க்கவில்லை. நல்லவேளை, புண் மேலோடு போயிற்று, காலுக்கு ஆபத்தில்லை. கொஞ்ச நாள் ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைந்துவிட்டு, ஒரு காலை, காலில் கட்டும் புதுச் செருப்புமாக டீக்கடைக்கு வந்து சேர்ந்தார். கரிக் கதை சுப்பிரமணியையும் பாஞ்சாலியையும் முனிரத்தினத்தின் வீட்டாரையும் தவிர யாருக்கும் தெரியாது. ஆனால் சர்க்கரைக் கதையை அவர் வீட்டாரே ஊர் முழுக்கச் சொல்லிவிட்டிருந்தார்கள். அதை எந்தத் துண்டு போட்டு மூடுவது?

பெஞ்சில் சுப்பிரமணிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். கடையில் எல்லோரும் அவரையே பார்த்தார்கள். ஒருவன், "இன்னா மாமா, எவ்ளோ கீது?" என்று ஆரம்பித்தேவிட்டான். சின்னராசு சர்க்கரை டப்பாவை மூடித் தள்ளிவைத்தான். "முனிரத்தினம் மாமாவுக்கும் இனிமே பவளம்தான்" என்று முடிவாகச் சொல்லிவிட்டு கிளாஸை எடுத்தான்.

"டேய், நில்றா" என்றார் சுப்பிரமணி. "அவரக் கேட்டியா?"

சின்னராசுவின் கை அந்தரத்தில் நின்றது. சுப்பிரமணி பெஞ்சில் திரும்பி உட்கார்ந்து, முனிரத்தினத்தின் முகத்தைப் பார்த்துக் கேட்டார்.

"இன்னா மச்சான், ஒனக்கு இன்னா டீ?"

முனிரத்தினம் தன் காலைப் பார்த்தார். சர்க்கரை டப்பாவைப் பார்த்தார். ரோட்டைப் பார்த்தார். இவ்வளவு யோசித்து அந்தக் கடையில் யாரும் டீ சொன்னதில்லை. பால் பொங்கி வழியப் போனது, சின்னராசு அதைக்கூட இறக்கவில்லை.

"சர்க்கரை வோணாம்" என்றார் கடைசியில்.

"யாரு சொன்னது?" என்று சின்னராசு பழக்கத்தில் கேட்டுவிட்டான்.

"நான்தான்" என்றார் முனிரத்தினம். கேட்டது அவரைத்தான். ஆனால் பக்கத்தில் இருந்து சுப்பிரமணியும் அதே நேரத்தில் "நான்தான்" என்று சொல்லிவிட்டார். இரண்டு குரலும் சேர்ந்து கொஞ்சம் சத்தமாகவே விழுந்தது.

சின்னராசு இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். பாலை இறக்கினான். இரண்டு கிளாஸிலும் நுரை பொங்க ஆற்றி ஊற்றிவிட்டு, ஏரிக்கரை முழுக்கக் கேட்கும்படி கூவினான்.

"ரெண்டு நான்தான்!"